‘இல்’ என்னும் சிறுசொல்



‘தொழில்நுட்பமும் கிறித்தவ அறமும்’ என்று அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. தலைப்பைக் கொடுத்தவர்கள் தாராள மனசுக்காரர்கள். ஒரு மணி நேரத்தில் அவ்வளவு பெரிய வயலை உழ என்னால் ஆகாது. அதனால் இரண்டே எழுத்துள்ள ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். லத்தீன் மொழியின் ‘இன்’. தமிழில் அதற்கு நேரானது ‘இல்’.

1940-களின் நடுவில், போர் ஓய்ந்த இத்தாலியில், ரொபெர்த்தோ பூசா என்ற இயேசு சபைத் துறவி ரோமிலுள்ள கிரகோரியன் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். விச்சென்சாவில் 1913-இல் பிறந்தவர். பேராசிரியராக விருப்பமா என்று சபைத் தலைவர் ஒருமுறை கேட்டாராம். கொஞ்சமும் இல்லை என்றாராம் இவர். நல்லது, அப்படியே ஆகிவிடும் என்று முடித்துவிட்டாராம் தலைவர். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவருக்கு மேல்முறையீடு கிடையாது.

அவர் எடுத்துக்கொண்ட பொருள், 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தோமா அக்குவினாஸ் ‘உடனிருத்தல்’ பற்றி என்ன நினைத்தார் என்பது. கடவுள் உலகத்தில் இருக்கிறார், ஆன்மா உடலில் இருக்கிறது, அன்பு செய்பவர் அன்பு செய்யப்படுபவரில் இருக்கிறார் என்கிறோமே, அந்த ‘இருக்கிறார்’ எப்படிப்பட்டது? லத்தீனில் அதற்கென்று இருந்த பெயர்ச்சொற்களைத் தேடிப் பார்த்தார். அவற்றைக் கொண்டு பெரிதாக ஒன்றும் துலங்கவில்லை. தோமா அந்தப் பொருளையெல்லாம் ‘இன்’ என்ற சின்ன முன்னிடைச்சொல்லில்தான் வைத்திருக்கிறார் என்று பிறகு கண்டுகொண்டார். ஆனால் ‘இன்’ எங்கெங்கே வருகிறது என்று சொல்லும் சொல்லடைவு எதுவும் இல்லை. சொல்லடைவு செய்கிறவர்கள் இறைவன், அருள், பாவம் முதலிய பெரிய சொற்களை அடுக்குவார்கள். இடைச்சொல்லை யார் எண்ணுவார்கள்? பூசாவே எண்ண உட்கார்ந்தார். ‘இன்’ வரும் வாக்கியங்களைக் கையாலேயே எழுதினார். 10,000 அட்டைகள்.

இங்கே நம் மொழிப் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கொள்கிறேன். நன்னூலார் இடப்பொருள் உருபுகளைக் ‘கண்’ணில் தொடங்கி நீளமாக வரிசைப்படுத்திவிட்டு, கடைசியில்தான் ‘இல்’லுக்கு இடம் கொடுக்கிறார். பந்தியின் கடைசி இலை. இன்றைக்கு ஏழாம் வேற்றுமை என்றால் பள்ளிப்பிள்ளைக்கும் நினைவுக்கு வருவது அந்த ‘இல்’தான். அதே ‘இல்’ பெயராக நின்றால் வீடு. அதே ‘இல்’லிலிருந்துதான் ‘இல்லை’யும் வருகிறது. உள்ளே இருப்பது, வீடு, இல்லாமை மூன்றுக்கும் ஒரே ஒலி. பூசாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் லத்தீனை விட்டுவிட்டு இங்கே வந்திருப்பார் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. இதைச் சொற்பிறப்பு ஆராய்ச்சியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மூன்று பொருளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் இன்றைக்கு நான் சொல்ல வந்ததைத் தொடர எளிதாக இருக்கும், அவ்வளவே.

‘இன்’ முடிந்தது. பூசாவின் ஆசை அடங்கவில்லை. தோமா எழுதிய எல்லாச் சொற்களுக்கும் அடைவு வேண்டும் என்றார். ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள் வரும். கையால் ஆகிற காரியமா? இயந்திரம் தேடி 1949-இல் அமெரிக்கா போனார். பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் நியூயார்க்கில் ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சன் முன்னால் போய் உட்கார்ந்தார். எங்கள் இயந்திரங்களால் இது முடியாது என்று அதிகாரிகள் அறிக்கை கொடுத்திருந்தார்கள். பூசா காத்திருப்பு அறையில் கிடைத்த அந்த நிறுவனத்தின் விளம்பரத் தாளையே எடுத்து நீட்டினார். கடினமானதை உடனே செய்வோம், முடியாததைச் செய்யக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்ற பொருளில் அதில் அச்சடித்திருந்தது. வாட்சன் சிரித்துவிட்டுச் சரி என்றார். ஐ.பி.எம்.மில் நடுவில் இருக்கும் ‘பி’யைப் பூசாவின் ‘பி’ ஆக்கிவிடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

அப்படித் தொடங்கிய வேலை 30 ஆண்டு நீண்டு, ‘இன்டெக்ஸ் தோமிஸ்திகுஸ்’ என்ற பெயரில் 56 தொகுதிகளாக அச்சேறி முடிந்தது. கணினியைக் கொண்டு இலக்கியத்தையும் மொழியையும் ஆராயும் துறைக்கு மூலவர் பூசாதான் என்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தத் துறையின் உயர்ந்த விருது அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது. 2011-இல், 97 வயதில் காலமானார்.

வழக்கமாகக் கதையை இங்கே நிறுத்திவிட்டு, திருச்சபை அறிவியலுக்குப் பகை அல்ல, பாருங்கள் என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். நானும் பல மேடைகளில் அப்படி இறங்கியிருக்கிறேன். 2013-க்குப் பிறகு மனம் ஒப்பவில்லை.

அந்த ஆண்டு மெலிசா தெராஸ் என்ற ஆய்வாளர் பூசாவின் ஆவணக்காப்பகத்துப் பழைய புகைப்படங்களைப் பற்றி எழுதினார். படங்களில் வரிசை வரிசையாக இயந்திரங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கு முன்னாலும் ஓர் இளம்பெண். இடம் மிலானுக்கு அருகே கல்லராத்தே. முன்பு நெசவாலையாக இருந்த கட்டடம். 1954-இல் பூசா அந்த ஊரில் துளை அட்டைப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அது 1967 வரை நடந்தது. ஜூலியான் நைஹன் என்ற வரலாற்றாளர் அங்கே வேலை செய்து உயிரோடிருக்கும் பெண்களைத் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டு, 2023-இல் அந்த மறைந்த உழைப்பைப் பற்றியே தனி நூல் எழுதினார்.

வேலை இதுதான். ஓர் அட்டையில் 80 பத்திகள். பக்கத்தில் லத்தீன் மூலம். எழுத்தைப் பார்த்து விசையைத் தட்டினால் அட்டையில் துளை விழும். ஒருத்தி துளைத்து முடித்த அட்டையை இன்னொருத்தி வேறோர் இயந்திரத்தில் செருகி, அதே மூலத்தைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். இரண்டு பேர் தட்டியதும் ஒத்துப்போனால் அட்டை நகரும். ஒவ்வாவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். ஆக, தோமா அக்குவினாஸ் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் லத்தீன் படிக்காத இரண்டு பெண்கள் தனித்தனியே தொட்டிருக்கிறார்கள். சேர்க்கப்பட்ட எல்லாருக்கும் அதுவே முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை என்று பூசாவே 1980-இல் எழுதியிருக்கிறார். லத்தீனிலிருந்து எபிரேயத்துக்கும் சிரில்லிக் எழுத்துக்கும் மாறுவதற்கு இரண்டே வாரம் போதுமானதாக இருந்ததாம். அந்த எழுத்துகளில் வேகம் குறைந்தது, பிழையும் குறைந்தது என்றும் எழுதுகிறார். பயிற்சி முடியும் முன்பே தொழிற்சாலைக்காரர்கள் வந்து அவர்களைக் கேட்டார்களாம். அதையும் பெருமையாகத்தான் எழுதுகிறார். பெயர்களை மட்டும் எழுதவில்லை.

பெரிய சொற்களின் அடைவில் விட்டுப்போன சின்னச் சொல்லுக்காக 10,000 அட்டை எழுதிய மனிதர் அவர். தம் கதையின் அடைவில் இந்தப் பெண்களை விட்டுவிட்டார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஆண்கள் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். தோமா அக்குவினாஸே சொல்லச் சொல்ல எழுத்தர்கள் எழுதினார்கள். அவர் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பது ஊரறிந்த சேதி. தோமா பாரிசில் தங்கிப் பாடம் சொன்ன புனித யாக்கோபு மடத்தில், அவருக்கு ஒரு தலைமுறை முன்னால், திருமறைக்கு முதல் ஒத்தவாக்கிய அடைவு செய்தார்கள். அது யூகோ என்ற ஒரே துறவியின் பெயரில் வழங்குகிறது. கூட உழைத்தவர்கள் 500 பேர் என்று பழைய கணக்கு. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். பெயர் இல்லாதது மிகையல்ல.

என் அப்பாவும் அந்த வரிசைக்காரர்தான். திருச்சபை அச்சகம் ஒன்றில் 31 ஆண்டு ஈய எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர். செபப் புத்தகங்கள், ஞானோபதேசம், திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் கையால் கோர்த்தவை. எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைத்த கேஸ் முன்னால் நின்றபடியே, இடது கையில் எழுத்து அடுக்கும் ஸ்டிக், வலது கை பார்க்காமலே எழுத்துக்குப் போகும். ஈய எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இருக்கும். வேதத்தைக் கவிழ்த்துப் படித்த ஆள் உங்கப்பா என்று அம்மா கேலி செய்வாள். வேலை முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து மறுபடி கேஸில் போட்டுவிடுவார்கள். அதே எழுத்து நாளைக்கு வேறொரு பக்கத்தில் வேறொரு சொல்லில் நிற்கும். அப்பாவின் கேஸில் ஒரு ‘ழ’ இருந்தது. கீழ்ச்சுழி கொஞ்சம் உடைந்தது. ஃபவுண்டரிக்குப் புது எழுத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறது, வரட்டும் என்று சொல்லிக்கொண்டே அதை வைத்துப் பல வருஷம் ஓட்டினார்.

இப்போது இன்றைக்கு வருகிறேன். ஒரு வரி கேட்டால் ஒரு பக்கம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு நம் பிள்ளைகளின் கைபேசியில் இருக்கிறது. அதற்கு எது நல்லது எது கெட்டது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டுமே? 2023 ஜனவரியில் டைம் இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. கென்யாவில் சிலர் மணிக்கு 2 டாலருக்கும் குறைந்த கூலிக்கு, குழந்தை வதை, கொலை, சித்திரவதை பற்றிய எழுத்துகளை நாள் முழுக்கப் படித்து, இது இன்ன வகை அசிங்கம் என்று சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் நம்மிடம் நாகரிகமாகப் பேச வேண்டும் என்பதற்காக. கல்லராத்தேயில் அந்தப் பெண்கள் தொட்டது தோமாவின் சொற்களையாவது. இவர்கள் தொட்டது சாக்கடையை.

கிறித்தவம் தொழில்நுட்பத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது. நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஆள் குறைவில்லை. பார்கோடு வந்தபோது, திருவெளிப்பாடு நூல் எச்சரிக்கும் மிருகத்தின் முத்திரை என்றார்கள். ஆதார் வந்தபோதும் அதையே சொன்னார்கள். தடுப்பூசிக்கும் அதே துண்டறிக்கை, தலைப்பு மட்டும் புதிது. இன்னொரு பக்கம், நேரலைச் செபத்தின் மூலையில் காணிக்கைக்குக் கியூ.ஆர். கோடு ஓடுகிறது. இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். ஆனால் இருவருக்கும் இயந்திரம் என்பது ஆளில்லாத ஒன்று. ஒருவருக்கு அது பிசாசு, மற்றவருக்கு வரம். வார்த்தை உடலெடுத்து நம் நடுவே கூடாரம் அடித்தது என்று யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தை நம்புகிறவன் அப்படிப் பார்க்க முடியாது. உடல் எங்கே, கை யாருடையது என்று கேட்டே ஆக வேண்டும்.

இதை நடைமுறையில் கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்து ஆமிஷ் என்ற கிறித்தவச் சபையார். குதிரை வண்டியில் போகிறவர்கள், பழைய பஞ்சாங்கம் என்று அவர்களைப் பற்றி நமக்கு ஓர் இளக்காரம். தொலைபேசி வந்த புதிதில் அவர்களில் சிலர் வீட்டில் இணைப்பு வாங்கினார்கள். கம்பி வழியே புறணியும் வந்தது, பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவது குறைந்தது. 1910-ஐ ஒட்டி அந்தச் சபை பிளவுபட்டபோது தகராறுகளில் தொலைபேசியும் ஒன்று. பிறகு, சில பத்தாண்டுகள் கழித்து, ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மருத்துவரையும் தீயணைப்பையும் கூப்பிடத் தொலைபேசி வேண்டும்தான், ஆனால் வீட்டுக்குள் வேண்டாம். தோட்டத்து ஓரத்தில், பாதை முனையில், நாலைந்து குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு சின்னக் கொட்டகை. பேச வேண்டுமென்றால் குளிரில் நடந்து போய்ப் பேச வேண்டும். மணி அடித்தால் ஓடிப் போய் எடுக்க ஆள் இருக்காது.

அவர்கள் மறுத்தது தொலைபேசியை அல்ல. தொலைபேசி ‘இல்’லுக்குள் வருவதை. அந்த வாழ்க்கையில் எனக்கு ஏற்காதது எவ்வளவோ உண்டு. எட்டாம் வகுப்போடு பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவது முதற்கொண்டு. அதற்காக வேறொரு மாநிலத்து ஆமிஷ் மக்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-இல் வென்றும் விட்டார்கள். ஆனால் ஒரு பொருள் உள்ளே வந்தால் வெளியே போவது எது என்று ஊரே கூடி உட்கார்ந்து பேசும் வழக்கத்தை நாம் எந்த நாளில் வைத்திருந்தோம்? நம் வீடுகளில் கைபேசி எப்போது சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வந்து அமர்ந்தது என்று யாருக்காவது தேதி நினைவிருக்கிறதா?

கத்தோலிக்கத் திருச்சபையின் போக்கு வேறு. செய்தித்தொடர்புக்கான புதுக்கருவிகளை அது பெரும்பாலும் வாசலில் நிறுத்தி வைத்ததில்லை. மார்க்கோனியையே அழைத்து வந்து 1931-இல் வத்திக்கான் வானொலியைத் தொடங்கியது. 1958-இல் அசிசி நகர் புனித கிளாராவைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி ஆக்கியது. 1252 கிறிஸ்துமஸ் இரவில் நோயில் படுத்திருந்த கிளாரா, கோயிலுக்குப் போக முடியாமலே அங்கு நடந்த வழிபாட்டைத் தன் அறையிலிருந்து கண்டாள், கேட்டாள் என்பது மரபுவழிக் கதை. இந்தத் தேர்வில் ஒரு குறும்பு இருப்பதாக எனக்குப் படும். அதே திருச்சபைதான் 2002-இல் இணையத்தைப் பற்றிய ஆவணத்தில், இணையத்தில் அருள்சாதனங்கள் கிடையா என்று ஒரு கோடும் போட்டது. பார்க்கலாம், கேட்கலாம், செபிக்கலாம். ஆனால் அப்பத்தைக் கையில் வாங்க ஆள் அங்கே இருக்க வேண்டும்.

கருவிகளுக்குள் இருக்கும் ஆளைப் பற்றியும் திருச்சபைக்கு ஒரு மரபு உண்டு. 1891-இல் ஆலைத் தொழிலாளரின் கூலிக்காகத் திருத்தந்தை 13-ஆம் லியோ எழுதிய சுற்றுமடலிலிருந்து வருவது அது. 2025 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 14-ஆம் லியோ என்று பெயர் வைத்துக்கொண்டு, செயற்கை நுண்ணறிவு இன்னொரு தொழிற்புரட்சி, அதனால்தான் இந்தப் பெயர் என்று கர்தினால்களிடம் காரணம் சொன்னார். அதற்கு மூன்றரை மாதம் முன்புதான் செயற்கை நுண்ணறிவு பற்றிய வத்திக்கான் ஆவணம் வந்திருந்தது. அதில் இட்ட தேதி ஜனவரி 28, தோமா அக்குவினாஸின் திருநாள். மனித அறிவு என்பது உடலோடு கூடியது என்பதை விளக்க அது தோமாவைத்தான் துணைக்கு அழைக்கிறது. பூசா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆவணங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு அவை இன்னும் வந்து சேரவில்லை. கென்யாவின் நைரோபியில் சீட்டு ஒட்டுகிறவருக்காக நம் கோயில்களில் விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு வரி இதுவரை நான் கேட்டதில்லை.

கடைசியாக ஒரு வீட்டுச் செய்தி. 2020 ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறு. ஊரடங்கு. எண்பதைத் தாண்டிய அம்மா விடிகாலையிலேயே குளித்து, பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலை எடுத்துக் கட்டி, முக்காடு போட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஓசன்னா பாடும் இடத்தில் எழுந்து நின்றாள். எழுந்தேற்றத்துக்கு முழந்தாளிட முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நற்கருணை நேரம் வந்தது. திரையில் சாமியார் ஒருவரே வாங்கிக்கொண்டார். முன்னால் காலி பெஞ்சுகள்.

“எய்யா, பூசை பார்த்தா பூசை ஆயிருமா?” என்று கேட்டாள்.

“இப்ப வேற வழி இல்லம்மா. சாமியாரே சொல்லிட்டாவ. மனசுல வாங்கிக்கிடலாமாம்.”

“மனசுல வாங்குறதுக்கு வாய் எதுக்கு?” என்றாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் இறையியலில் பட்டம் வாங்கியவன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

பிறகு எழுந்து போய், தலையணைக்கடியில் இருந்த செபப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அட்டை போய், காக்கித் தாள் ஒட்டியது. அதில் நோயாளிகள் நற்கருணை வாங்க இயலாதபோது சொல்லும் செபம் ஒன்று உண்டு. கண்ணாடி இல்லாமல், விரலை வைத்து, பாதி படித்தும் பாதி மனப்பாடமாகவும் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு வரியில் விரல் நின்றது. பக்கத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

“இங்க பாரு” என்றாள். “ஒங்கப்பா.”

குனிந்து பார்த்தேன். கீழ்ச்சுழி உடைந்த ‘ழ’.